ஸ்ரீ சீனிவாசன் நீதிபதி ஆன கதை: கேள்வி பதில்

அமெரிக்காவில் வாஷிங்டன் டி.சி. சர்க்யூட் (வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைமை நீதிபதி ஸ்ரீ சீனிவாசன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கவிதா: நம்ம நெல்லைக்காரராமே?

பூர்வீகம் அப்படித்தான். அப்பாவுக்குத் திருநெல்வேலி பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரம். இவர் பிறந்தது 1967இல், சண்டிகரில். வளர்ந்தது கான்சஸ் மாநிலத்து லாரன்ஸில். அப்பா அங்கே பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். பள்ளியில் கூடைப்பந்தும் ஆடியிருக்கிறார்.

செந்தில்: எங்கே படித்தார்?

எல்லாம் ஸ்டான்ஃபோர்டுதான். 1989இல் இளங்கலை, 1995இல் சட்டமும் எம்பிஏவும் சேர்த்து. பிளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. முதலில் ஒரு பட்டம், அப்புறம் மூன்று வருடம் ஜே.டி. என்ற சட்டப் பட்டம்.

ரஹீம்: கீழ் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருக்காமல் நேரே மேல்முறையீட்டுக்கா?

ஆமாம், அங்கே அதற்குத் தடையில்லை. கூட்டாட்சி நீதிபதிக்கு இன்ன படிப்பு, இத்தனை வருட அனுபவம் என்று அரசியல் சாசனம் எதுவும் கேட்பதில்லை. நடைமுறையில் வடிகட்டுவது வேறு விஷயங்கள். முதலாவது, லா கிளார்க் வேலை. இரு தரப்பு மனுக்களைப் படித்து, முன்தீர்ப்புகளைத் தேடி, நீதிபதிக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். இவர் முதலில் நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி வில்கின்சனிடம் இருந்தார். பிறகு 1997-98இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம்.

இன்னொன்று, சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம். உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு வழக்குகளை நடத்துவது இதுதான். 2002 முதல் 2007 வரை அங்கே இருந்தார். நடுவில் தனியார் சட்ட நிறுவனம். 2011இல் முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரலாகத் திரும்பினார். உச்ச நீதிமன்றத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் வாதாடியவர். என்னைக் கேட்டால், ஸ்டான்ஃபோர்டு பட்டங்களைவிட இந்த அலுவலகம்தான் அவரை மேலே கொண்டுபோனது.

மீனா: நியமனம் சுலபமாக நடந்ததா?

ஒபாமா 2012 ஜூனில் பெயரை அனுப்பினார். அந்த வருடம், ஒப்புதல் தர வேண்டிய செனட்டில் நகரவில்லை. 2013 ஜனவரியில் மறுபடி அனுப்பி, மே 23இல் 97-0 என்ற வாக்கில் ஒப்புதல் கிடைத்தது. குடியரசுக் கட்சிக்காரர்கள் ஒருவர்கூட எதிர்க்கவில்லை, அது பெரிய விஷயம்! பதவியேற்பு விழாவில் அம்மா பகவத் கீதையைப் பிடித்திருக்க, பிரமாணம் செய்து வைத்தவர் அதே ஓ'கானர்.

ஜோசப்: தலைமை நீதிபதி ஆக்கியது டிரம்பா?

இல்லை. 2020 பிப்ரவரியில் சீனியாரிட்டிப்படி வந்தது. அந்த நீதிமன்றத்தில் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பணியில் மூத்தவருக்குப் போகும். அதிகபட்சம் ஏழு வருடம்.

கவிதா: ஓய்வு எப்போது?

கட்டாய ஓய்வு வயதே கிடையாது. 65 வயதும் 15 வருட சர்வீஸும் ஆனால், முழுச் சம்பளத்தோடு வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். இவருக்கு அது 2032இல்தான்.