நிக்கல் ரிவால்வரும் கறுத்த துணியும்

வணக்கம் ஐயா,

பெரியப்பாவுக்குப் பின் முறையான உரிமத்தோடு எனக்கு வந்த பழைய ரிவால்வர் ஒன்று இருக்கிறது. நிக்கல் பூசியது. இப்போது மஞ்சள் பாய்ந்து, ஆவி படிந்த கண்ணாடி போல மங்கிக் கிடக்கிறது. குழலுக்கு அடியில் சில கரும்புள்ளிகளும் உண்டு. வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். பஃபிங் சக்கரத்தில் (வேகமாகச் சுழன்று மெருகேற்றும் துணிச்சக்கரம்) கொடுத்தால் புதுசாகிவிடும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் வேண்டாம். வினிகர் அமிலம். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள எஃகை அரிக்கும். பஃபிங் சக்கரம் அதைவிட மோசம். குழல்மேல் பொறித்த எழுத்துகளின் விளிம்பு ஒருமுறை மழுங்கிவிட்டால் மழுங்கியதுதான்.

மங்கல் வேறு, புள்ளி வேறு. ஈரக்காற்றும் அதில் கலந்த கந்தக டைஆக்சைடும் பட்டு நிக்கல்மேல் ஒரு படலம் படியும். 1920களில் நிக்கல்மேல் குரோமியம் பூசும் வழக்கம் பரவியதற்கு இந்த மங்கலே முக்கியக் காரணம். படலம் மேலோடு இருப்பதால் துடைத்தால் போகும். கரும்புள்ளி பெரும்பாலும் பூச்சைத் துளைத்துக்கொண்டு வந்த துரு. நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் நிக்கல் அடியில் கொப்பளித்திருக்கிறது என்று பொருள். அங்கே தேய்த்தால் செதிலாக உரிந்து வரும். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊறியதும் ஒற்றி எடுத்து, அதோடு விட்டுவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரின் ஒவ்வொரு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் கைப்பிடிப் பலகைகளைக் கழற்றுங்கள். திருகின் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் ஸ்குரூ டிரைவர் இல்லையென்றால் தொடவே வேண்டாம். பலகைக்கு அடியில் காற்றுப் படாமல் இருந்த நிக்கலைப் பார்த்தீர்களானால் பழைய நிறம் என்ன என்று தெரிந்துவிடும். நிக்கலுக்கு இயல்பாகவே லேசான மஞ்சள் சாயை உண்டு, குரோமியம் போல நீலம் கலந்த வெண்மை வராது. அந்த மஞ்சளையும் கறை என்று நினைத்துத் தேய்த்தே பூச்சைத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மெல்லிய எண்ணெயால் அழுக்கை எடுத்தபின், உராய்வு மிகக் குறைந்த உலோக பாலிஷைப் பருத்தித் துணியில் தொட்டு, அழுத்தாமல் துடைக்க வேண்டும். துணி கறுக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். துணி வெள்ளையாக வரும்வரை விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அது வெள்ளையாகவே வராது, ஏனென்றால் அழுக்கு போனபின் அந்தக் கறுப்பு நிக்கலேதான். மொத்தப் பூச்சும் தலைமுடியைவிட மெல்லியது. படலம் விலகியதும் கையை எடுத்துவிடுங்கள். எழுத்துப் பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கும் பாலிஷைப் பல்குச்சியில் துணி சுற்றி எடுக்கலாம்.

அம்மோனியா கலந்த எதுவும் கூடாது. சில துப்பாக்கிகளில் நிக்கலுக்கு அடியில் செம்பு பூசியிருப்பார்கள். விரிசல் வழியே அம்மோனியா இறங்கினால் செம்பு கரைந்து நிக்கல் பிடிப்பு விட்டுப்போகும். குழல் துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு, புட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். சுட்டதால் சிலிண்டர் முகத்தில் படிந்த கரிவளையங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மறுபூச்சு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். தேய்ந்த அசல் பூச்சுக்குச் சேகரிப்பாளர்களிடம் உள்ள மதிப்பு புதுப்பூச்சுக்குக் கிடையாது. அவர்களுக்கு அது உடனே தெரிந்தும் விடும். அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய ரிவால்வர்களில் சுத்தியலும் (பின்னால் இழுத்துவிடும் பாகம்) விசையும் பொதுவாக நிக்கல் பூசாமல்தான் வெளிவந்தன. அவையும் சேர்ந்து மின்னினால் பின்னால் பூசியது என்றுதான் எண்ணுவார்கள்.

முடித்ததும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) ஒரு பூச்சு போதும். தோல் உறையில் வைத்து மூடாதீர்கள், தோல் ஈரத்தையும் பதனிட்ட உப்புகளையும் பிடித்து வைத்திருக்கும். கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து) காலத்துத் துப்பாக்கியாக இருந்தால் எவ்வளவு மின்னினாலும் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடாதீர்கள். பூச்சுக்கும் எஃகின் வலுவுக்கும் சம்பந்தமில்லை. சுட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.