எல்லாருக்கும் புரிந்தால் பூஜ்யம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் நாங்கள் நாலு பேர் டிக்ஸிட் என்ற பட அட்டை விளையாட்டு ஆடுகிறோம், சில நாள் மூன்று பேர். அக்காவும் அத்தானும் தங்களுக்கு மட்டும் தெரிந்த எதையாவது குறிப்பாகச் சொல்லிப் புள்ளிகளை அள்ளிவிடுகிறார்கள். நான் சொன்னால் ஒன்று எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், இல்லையென்றால் ஒருவருமே கண்டுபிடிப்பதில்லை. மூன்று பேர் என்றால் இன்னும் மோசம். மனதைப் படிக்கும் விளையாட்டு என்றுதான் வாங்கினேன். கோளாறு என்னிடமா, விளையாட்டிலா?

க.

அன்புள்ள க.,

கோளாறில் பாதி ஆள்கணக்கில் இருக்கிறது. ஆடாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 6 பட அட்டைகள். கதைசொல்லி ஒன்றைக் கவிழ்த்துவைத்து ஒரு சொல்லோ வரியோ சொல்வார். மற்றவர்கள் அதற்குப் பொருந்தும் அட்டையை ஆளுக்கொன்றாகத் தருவார்கள். கலைத்து விரித்தபின், கதைசொல்லியின் படம் எது என்று ரகசியமாக வாக்களிப்பார்கள். எல்லாரும் கண்டுபிடித்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் கதைசொல்லிக்குப் பூஜ்யம், மற்றவர்களுக்கு 2. சிலர் மட்டும் கண்டுபிடித்தால் அவர்களுக்கும் கதைசொல்லிக்கும் 3. மற்றவர்கள் தந்த படத்துக்கு விழும் வாக்கு ஒவ்வொன்றுக்கும் தந்தவருக்கு 1.

இப்போது, குறிப்பு கச்சிதமாக அமைந்து ஒவ்வொருவரும் கண்டுபிடிக்கச் சரிபாதி வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஆட்டத்தில் கதைசொல்லிக்குப் பூஜ்யம் விழும் வாய்ப்பு 16-இல் 1. நாலு பேர் ஆட்டத்தில் 4-இல் 1. மூன்று பேர் என்றால் 2-இல் 1. நீங்கள் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் பாதிச் சுற்று போய்விடும்.

மூன்று பேருக்குத் தனி விதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கையில் 7 அட்டை. ஊகிக்கும் இருவரும் ஆளுக்கு 2 அட்டை தர வேண்டும். ஒருவர் மட்டும் கண்டுபிடித்தால் அவருக்கும் கதைசொல்லிக்கும் 4. ஆளுக்கு ஒன்றே தந்தால் மேஜையில் மூன்று படம், அதில் ஒன்று தன்னுடையது. மீதி இரண்டில் ஊகிக்க என்ன இருக்கிறது?

அக்காவும் அத்தானும் செய்வது விதிமீறல் இல்லை. ஒருவர் கண்டுபிடித்தாலே 3 புள்ளி என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் மற்றவர்களுக்கு அந்தச் சுற்றில் வேலையே இல்லை. நீங்களாக ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: சுற்று முடிந்ததும் படத்தைக் காட்டியே குறிப்பை விளக்க முடிய வேண்டும். ‘அன்றைக்குப் போனோமே, அப்போது...’ என்று விளக்கம் ஆரம்பித்தால் அந்த இருவருக்கும் புள்ளி கிடையாது.

இனி உங்கள் குறிப்புகள். ஒரு சிறுவன் ஏணியின் உச்சியில் நின்று நிலாவை நோக்கிக் கை நீட்டுகிற படம் என்று வையுங்கள். ‘ஏணி’ என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள். ‘ஏக்கம்’ என்றால் விரித்த படமெல்லாம் ஏக்கமாகத்தான் தெரியும். டிக்ஸிட் ஓவியங்களின் குணமே அதுதான். மனதைப் படிக்கும் விளையாட்டு என்று நம்பி வருகிறவர்கள் பயம், தனிமை, ஏக்கம் என்று உணர்ச்சியின் பெயரையே சொல்வார்கள். இருப்பதிலேயே மோசமான குறிப்பு அதுதான். ‘எட்டாக்கனி’ பரவாயில்லை. ஒருவர் நிலாவுக்கு வருவார், இன்னொருவர் மரம் இருக்கிற படத்துக்குப் போவார். அதைவிட நல்லது, ‘இன்னும் ஒரு சாண்’. உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமல், அந்த நிலையில் இருப்பவர் வாயில் என்ன வருமோ அதைச் சொல்லிப் பாருங்கள். பழமொழியின் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்துவதும் பலிக்கும்.

ஊகிப்பவராக இருக்கும்போது, கையில் பொருத்தமான படம் இல்லை என்று வேண்டாததைத் தள்ளிவிடாதீர்கள். வாக்கு விழாத அட்டை உங்களுக்குப் புள்ளி தராது, மற்றவர்களுக்கு விடையையும் எளிதாக்கிவிடும். அட்டைகளைக் கலைப்பதிலும் சோம்பல் கூடாது. கதைசொல்லியின் அட்டை முதலில் விழுவதால் கட்டின் அடியில்தான் கிடக்கும். அரைகுறையாகக் கலைத்தால் கூர்ந்து பார்க்கிறவருக்குப் படமே தேவையில்லை.

அடுத்ததாக வேவ்லெங்த் என்ற அணி விளையாட்டை வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ‘சூடு – குளிர்ச்சி’ போல இரு முனைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் இலக்கை, ஒருவர் தரும் குறிப்பை வைத்து அவர் அணி வட்டத் தட்டில் இருக்கும் முள்ளைத் திருப்பித் தேட வேண்டும். முள் இலக்கின் நடுவில் நின்றால் 4 புள்ளி, தள்ளிப்போகப்போக 3, 2. இலக்கு முள்ளுக்கு இடமா வலமா என்று சரியாகச் சொன்னால் எதிரணிக்கு 1. முதலில் 10 எடுக்கும் அணி ஜெயிக்கும். அதன் ருசி முள்ளை எங்கே வைப்பது என்ற வாக்குவாதத்தில்தான் இருக்கிறது. நாலு பேர் ஆடினால் ஊகிக்க அணிக்கு ஒருவரே மிஞ்சுவார், யாரோடு வாதம் செய்வார்? ஆறு பேர் சேரும் நாளில் எடுங்கள். அக்காவையும் அத்தானையும் எதிரெதிர் அணியில் உட்கார வையுங்கள்.