ஐட்லிங்கில் குலுங்கும் பழைய பிக்கப்: கார்பரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: டட்சன் 1200 பிக்கப், ஏ12 எஞ்சின். ஐட்லிங்கில் குலுங்குகிறது, சிக்னலில் நின்றால் ஓஃப் ஆகிறது, ஓடும்போது பரவாயில்லை. கராஜில் புதுக் கார்பரேட்டர் போடச் சொல்கிறார்கள்.

இப்போதைக்குப் போட வேண்டாம். ஐட்லிங்கில் மட்டும் குலுங்கி, ரேஸ் பண்ணினால் சரியாகிற எஞ்சின் பெரும்பாலும் எங்கோ கள்ளக் காற்று இழுக்கும், அல்லது ஐட்லிங் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைத்திருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும் புதுக் கார்பரேட்டரின் ஜெட் அளவு பொருந்தாவிட்டால் இருக்கிற கோளாறோடு இன்னொன்றும் சேரும்.

முதலில் கரண்ட் பக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்றின் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ., பிளக் இடைவெளி 0.8 முதல் 0.9 மி.மீ. பொயின்றைத் தொட்டால் டைமிங் (பிளக் பொறி அடிக்கும் நேரம்) நகரும், அதனால் டைமிங்கைப் பிறகு வையுங்கள். வால்வ் இடைவெளி, எஞ்சின் சூட்டோடு, 0.35 மி.மீ. மழைக் காலையில் மட்டும் மிஸ் அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை போலக் கரிக்கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள்.

இனிக் காற்று. எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங்கில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். குலுக்கம் குறைந்தால் பெற்றோல் போதவில்லை அல்லது காற்று கூடுகிறது. குலுக்கம் கூடினால் பெற்றோல்தான் அதிகம். கார்பரேட்டரின் கண்ணாடியில் தெரியும் பெற்றோல் மட்டம் கோட்டுக்கு மேலே நிற்கிறதா பாருங்கள். காற்று என்றால், கார்பரேட்டர் அடி காஸ்கட், மெனிபோல்ட் ஓரம், வெக்யூம் குழாய் எல்லாவற்றிலும் தண்ணீரை மெல்லியதாகத் தெளியுங்கள். சத்தம் மாறுகிற இடம்தான் ஓட்டை. சூடான எக்ஸோஸ்ட்டுக்குப் பக்கத்தில் கார்பரேட்டர் கிளீனர் அடிப்பது தீயை அழைப்பது, தயவுசெய்து வேண்டாம். கார்பரேட்டரின் திரொட்டில் தண்டை (அக்ஸிலரேட்டர் மிதித்தால் சுழலும் கம்பி) விரலால் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். நன்றாக ஆடினால் அந்த இடைவெளியாலும் காற்றுப் போகும். கார்பரேட்டர் ரிப்பேர் கிட் போட்டால் அது சரியாகாது, லேத்தில் புஷ் அடிக்க வேண்டும்.

ஓட்டை இல்லையா? கார்பரேட்டரில் ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவைத் திருப்புங்கள். எஞ்சின் அசையவே இல்லையென்றால் ஐட்லிங் வழி அடைப்பு. ஐட்லிங் சொலனாய்ட் (ஐட்லிங் வழியைக் கரண்டில் திறக்கும் வால்வ்) இருந்தால், சாவியை ஓன் பண்ணி அதன் வயரைக் கழற்றிக் கொடுக்கும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெது, துளை பெருத்துவிடும். கிளீனரும் காற்றும் போதும். மிக்சர் ஸ்குரூவை மெதுவாக அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து காதால் கேட்டு வையுங்கள். இறுக்கி மூடினால் ஊசி முனையில் வளையத் தடம் விழும், பிறகு எந்தச் சுற்றிலும் ஐட்லிங் நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் குலுங்கினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், கழற்றிய வயரின் நுனியை எஞ்சின் இரும்பில் தொடுத்துவிட்டு. எந்த வயரைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதற்குக் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் செத்திருந்தால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

கடைசியாகப் பெற்றோல் பில்டரை வெட்டிப் பாருங்கள். செங்கல் நிறத் தூள் இருந்தால் பெற்றோல் தாங்கி துருப்பிடித்திருக்கிறது. தாங்கியைக் கழுவாமல் ஜெட்டை எத்தனை தடவை ஊதினாலும் திரும்பத் திரும்ப அடைக்கும்.