ஆச்சி சொன்ன ‘சரித்தா’

அன்புள்ள அக்கா,

தேவகோட்டையில் ஸ்டாஃப் நர்ஸாக நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கு உரிமம் வாங்கும் என்க்ளெக்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன். மருந்து, லேப் வேல்யூ எல்லாம் பரவாயில்லை. நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிய கேள்விகளில்தான் ஒவ்வொரு மாக் டெஸ்டிலும் அடி வாங்குகிறேன். நேற்று சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்பு. ‘தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன்’ என்று நோயாளி சொல்வதைத் தேர்ந்தேன். தப்பாம்! அது எப்படித் தப்பாகும்? இன்னொரு கொஸ்டின் பேங்க் வாங்கவா?

எஸ்., தேவகோட்டை

அன்புள்ள எஸ்.,

கண்ணாடி வைத்துப் பார்ப்பது சரிதான். நீ கேள்வியின் வாலைப் படிக்கவில்லை. ‘இவருக்கு இன்னும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எந்தப் பேச்சிலிருந்து தெரிகிறது?’ என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டால் நோயாளியின் தவறான பேச்சைத்தான் தேட வேண்டும். விரல் இடுக்கில் லோஷன் தடவுவேன் என்று ஒரு விடை இருந்ததா? அதுதான். இடுக்கில் ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பூஞ்சை பிடிக்கும்.

வாலைப் படிக்கப் பழகிவிடலாம். நம் வார்டுப் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டியாயிற்றா என்று ஒரு பக்கம் கத்திக்கொண்டிருப்பார்கள். நாம் ஃபைலை நீட்டி, ஒரே மூச்சில் பத்து விஷயம் சொல்லுவோம். எதிரே இருப்பவர் தலையாட்டுவார். சொல்லியாச்சு என்று டிக் போடுவோம்.

நானும் அப்படித்தான் டிக் போட்டேன். காரைக்குடியில் வேலை பார்த்தபோது, கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர். இருபது வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. “வெறுங்காலோட நடக்காதீங்க ஆச்சி” என்றேன். “சரித்தா” என்றார். தைப்பூசம் முடிந்து திரும்பி வந்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. வலிக்கவே இல்லையாம், வெள்ளைத் துண்டில் கறை பட்ட பிறகுதான் பார்த்திருக்கிறார். “அன்னிக்கே சொன்னேனே ஆச்சி” என்று முகத்தைச் சுளித்தேன். “பழனிக்கு யாருத்தா செருப்போட நடப்பா? வீட்டுக்குள்ளயும் யாரு போடுவா?” என்றார்.

நான் சொன்னது கடைத்தெருவுக்கு என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கெல்லாம் வெறுங்காலோடு நடப்பீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், வீட்டுக்குள் போட மட்டும் தனியாக ஒரு ஜோடி, நடைப்பயணம் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு பேச்சு, தினம் இரவு பேரனை விட்டுப் பாதத்தைப் பார்க்கச் சொல்வது என்று ஏதாவது வழி பண்ணியிருக்கலாம்.

அந்தப் பரீட்சையும் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறது. சொல்லுமுன் அவருக்கு என்ன தெரியும் என்று கேள். வலியோடும் மயக்கத்தோடும் இருப்பவரிடம் பாடம் எடுக்காதே. மொழி புரியாவிட்டால் மகனை மொழிபெயர்க்க வைக்காதே, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடு. இங்கே ‘டாக்டர் சொல்லுவாரு’ என்று நகர்ந்துவிடலாம். அங்கே கற்பிப்பது ஆர்.என்.னின், அதாவது பதிவு பெற்ற நர்ஸின், சொந்த வேலை. உதவியாளர் கையில் தள்ளிவிடும் விடை எப்போதும் தப்பு.

கொஸ்டின் பேங்க் வேண்டாம், இருப்பதை முடி. பரீட்சையில் 2023 ஏப்ரலிலிருந்து 85 முதல் 150 கேள்விகள், 5 மணி நேரம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது, அதனால் வாலை இரண்டு தடவை படி. அதோடு டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் தினம் ஒருவரிடம், “நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போயி மருமககிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டுப் பார். புரிஞ்சுதா என்று மட்டும் கேட்காதே. நம் ஊரில் அதற்கு ‘சரி’ தவிர வேறு பதில் கிடையாது.

இன்னொன்று, நீ கேட்காதது. உன் வார்டில் இருப்பது மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்சு. பரீட்சையில் வருவது 100 யூனிட், ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஊசியும் இன்சுலின் பேனாவும் மாறி மாறி வாங்குகிற வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. நாளைக்கே உன் நோயாளிகளின் பையைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்.

அன்புடன்,
அக்கா