எரு போட்ட பாத்திக்கு யூரியா கொடுக்கலாமா?

கேள்வி: பத்து சதுர மீட்டர் பாத்தியில் இரண்டு கூடை தொழுவுரம், அதாவது இருபது கிலோ அளவுக்குப் போட்டுத் தக்காளி நட்டேன். எருவில் வைக்கோல் அங்கங்கே தெரிந்தது. மூன்று வாரமாகியும் செடி வெளிறியே நிற்கிறது. அண்ணன் யூரியா கொடு என்கிறார். கொடுத்தால் போட்ட எரு வீண் என்கிறார் அப்பா. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அண்ணன் பேச்சைத்தான். ஆனால் முதலில் குனிந்து எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியிலை முழுசாக வெளுத்து, கொழுந்து ஓரளவு பச்சையாக இருந்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. கொழுந்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் கோளாறு. அதற்கு யூரியா கொட்டிப் பயனில்லை.

தழைச்சத்துதான் என்றால், எனக்குச் சந்தேகம் அந்த வைக்கோல் மேல். மக்காத வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். எருவில் இருப்பது போதாவிட்டால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். செடி பந்திக்குப் பிந்தியது போல நிற்கும். அந்த நுண்ணுயிர்கள் மடிந்தபின் சத்து மண்ணுக்கே திரும்பும், ஆனால் தக்காளி அதுவரை காத்திருக்காது.

கணக்கையும் பாருங்கள். நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். உங்கள் இருபது கிலோவில் 100 கிராம். தக்காளிக்கு இந்தப் பாத்தியில் தேவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் முதல் பருவத்தில் கைக்கு வருவது அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, வைக்கோல் எருவில் இன்னும் குறைவு. மிச்சத்தையும் எருவாலேயே நிரப்பப் பார்த்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 150 கிராம் போதும், அதையும் மூன்றாகப் பிரித்து: இப்போது ஒரு 50, பூ தலைகாட்டும்போது ஒன்று, முதல் காய் பிடித்தபின் ஒன்று. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கோடு கிழித்து, தூவி, மண் மூடி, அளவாகத் தண்ணீர் விடுங்கள். பாத்தி வழிய விட்டால் சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடும், மணற்பாங்கான மண்ணில் கேட்கவே வேண்டாம். செடி கருகருவென்று தழைத்துப் பூ எடுக்கத் தயங்கினால் அடுத்த தவணையை நிறுத்திவிடுங்கள்.

அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. யூரியாவை மட்டுமே நம்பி வருடக்கணக்கில் போட்டால் மண் புளிப்பேறும். அதைத் தாங்கிப் பிடிப்பதே எருதான். அதனால் எரு வீணாகாது. வீணாவது யூரியாதான், அதுவும் கூடையிலேயே இரண்டையும் கலந்து வைத்தால். ஈரச் சாணத்தோடு யூரியாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் திறந்து பாருங்கள்: கண்ணைக் கரிக்கும் நெடி. யூரியாவை அமோனியாவாக உடைக்கும் நொதி சாணத்தில் நிறைய. நீங்கள் வாங்கிய தழைச்சத்துதான் அப்படிக் காற்றில் போகிறது. எருவை நடவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மண்ணோடு கொத்திவிடுங்கள். யூரியா பிறகு, மேலுரமாக.

கேள்வி: கோழி எருவுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. காய்ந்த கோழி எருவில் தழைச்சத்து தொழுவுரத்தைவிடப் பல மடங்கு, அதில் பெரும்பங்கு முதல் பருவத்திலேயே கிடைத்துவிடும். அளவைக் குறைத்துப் போடுங்கள். யூரியாவை இலை வெளுத்தால் மட்டும் யோசிக்கலாம். கோழி எருவை மக்கவிடாமல் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். கீரைப் பாத்தி என்றால் கூடுதல் கவனம் வேண்டும், மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக இலையிலேயே தங்கும்.