நெல் விற்ற காசும் இரண்டு கார்ட் கடனும்

கிளிநொச்சி அக்கராயனிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். ஒரு கிரெடிட் கார்டில் 240,000 ரூபாய், இன்னொன்றில் 60,000. போதாததற்கு, 2017இல் தவணை கட்ட முடியாமல் லீசிங் கம்பனி எடுத்துப்போன மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் 85,000 பாக்கி என்று இப்போது ஒருவர் தினமும் போன் பண்ணுகிறாராம். காலபோக நெல் விற்று 150,000 கையில் இருக்கிறது. மூன்றுக்கும் பங்கிட்டுக் கட்டவா என்று கேட்கிறார்.

பங்கிட வேண்டாம். பெரிய கார்டின் பில்லை எடுத்துப் பாருங்கள். வட்டி வருடத்துக்கு 28 வீதம் என்று வைத்தால், மாதம் 5,600 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஆகக்குறைந்த தொகை என்று அவர்கள் கேட்கும் 12,000ஐக் கட்டினாலும் வாங்கிய கடனில் குறைவது 6,400தான். பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ஏடிஎம்மில் காசு எடுத்தால் அன்றே வட்டி தொடங்கிவிடும்.

இரண்டு கார்டுக்கும் ஒரே வட்டி என்றால் 60,000ஐ முழுதாக அடைத்து, அந்தக் கார்டை மூடச் சொல்லிக் கடிதம் வாங்குங்கள். 70,000 பெரிய கார்டுக்கு. மிச்சம் 20,000ஐத் தொடாதீர்கள். சிறுபோகத்துக்கு உரம் வாங்கப் போகும்போது கையில் காசில்லாவிட்டால் மறுபடியும் கார்டைத்தான் நீட்டுவீர்கள். அப்புறம் வங்கிக்குப் போய், எஞ்சிய 170,000ஐக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பவர்களுக்குப் பல வங்கிகள் செய்து கொடுக்கின்றன. இதை அடைக்க, பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் வாரக் கடன் மட்டும் எடுக்காதீர்கள். அந்தக் குழுக் கடன்கள் வன்னியில் எத்தனை பெண்களின் நிம்மதியைப் பறித்தன என்று உங்களுக்குத் தெரியும்.

இனி லீசிங் பாக்கி. போனில் "இப்போதைக்கு ஒரு 5,000 போடுங்கோ" என்பார்கள். போடாதீர்கள், ஒத்துக்கொண்டு எதையும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட எங்கள் காலாவதிச் சட்டம் தருவது 6 வருடம்; 2017இல் நின்ற தவணைக்கு அது கடந்திருக்கலாம். சிறுதொகை கட்டினாலோ கடனை ஏற்று எழுதினாலோ அந்த 6 வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கக்கூடும். ஏற்கெனவே வழக்குத் தீர்ப்பு ஏதும் இருந்தால் கதை வேறு. ஆகவே முதலில் ஒப்பந்தப் பிரதி, வண்டியை விற்ற விலை, பாக்கி வந்த கணக்கு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வந்ததும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வண்டி விற்ற காசைக் கழிக்காமலே பாக்கி சொல்வதும் நடக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போடுவோம் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அப்படித் தொந்தரவு செய்ய இடம் தரவில்லை. திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் கொப்பியில் குறித்து, முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். அதன் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது.

வழக்குக்குக் காலம் கடந்தது வேறு, வங்கிகள் கடன் கொடுக்குமுன் பார்க்கும் கிறிப் (CRIB) என்ற கடன் தகவல் பணியகத்தின் பதிவு வேறு. பின்னாளில் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் பேரம் பேசித் தீர்க்கலாம். ஆனால் "இந்தத் தொகையோடு கணக்கு முடிகிறது" என்ற கடிதம் கம்பனியின் தலைப்புத் தாளில் கைக்கு வந்த பிறகே காசு. கட்டிச் சில வாரம் கழித்து உங்கள் கிறிப் அறிக்கையை எடுத்துச் சரிபாருங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நாங்கள். அந்தக் கடிதத்தைப் போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.