தில்ஜித்தின் ‘லவர்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் படிக்கும் என் மகள் பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் ‘லவர்’ பாட்டைப் போட்டால் நிறுத்துவதே இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் பஞ்சாபி தெரியாது. வெள்ளைக்காரர்கள்கூட இதற்கு ஆடுகிறார்களாம். மண்வாசனையை உதறிவிட்டு மேற்கத்திய பாப் ஆகிவிட்டதால்தானே இந்தப் பாட்டு கடல் தாண்டியது?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை என்றுதான் நினைக்கிறேன். 2021-ல் ‘மூன்சைல்ட் ஈரா’ ஆல்பத்தில் வந்த பாட்டு அது. எழுதியவர் ராஜ் ரஞ்சோத், இசை இன்டென்ஸ். பஞ்சாபிகளின் மேளமான டோல் அதிரும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், எல்லாம் எலெக்ட்ரானிக் தாளம். வரிகளும் சுமார். காதலன் உருகுகிறான், அவ்வளவுதான். மண்வாசனை போய்விட்டது என்று உங்களுக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த எலெக்ட்ரானிக் ஒலியைத் தரும் சிந்தசைசர் கீபோர்டு பஞ்சாபிகளுக்கு இரவல் சாமான் அல்ல, கல்யாண மண்டபத்துச் சாமான். பிரிட்டனில் பிழைக்கப் போய் சவுத்தாலிலும் பர்மிங்காமிலும் குடியேறியவர்களின் விசேஷங்களில், எண்பதுகளிலேயே டோலும் கீபோர்டும் ஒன்றாக மேடை ஏறிவிட்டன. அந்தச் சூழலில் வந்தவர்தான் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்த ‘பஞ்சாபி எம்.சி.’ என்ற இசையமைப்பாளர். பாடகர் லாப் ஜன்ஜுவாவின் அசல் கிராமத்துக் குரலை எடுத்தார், தும்பி என்ற பஞ்சாபி வாத்தியத்தின் ஒற்றைத் தந்தியை எடுத்தார், அடியில் ‘நைட் ரைடர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இசையை ஓட விட்டார். 1998-ல் ‘முண்டியான் தோ பச் கே’ என்று வெளியான அந்தப் பாட்டு சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பற்றிக்கொண்டது. 2003-ல் அமெரிக்க ராப் நட்சத்திரம் ஜே-ஸீயே வந்து அதன் ரீமிக்ஸில் ராப் பாடினார். அதில் அந்தக் குரலை யாரும் மெருகேற்றவில்லை. பச்சையாக அப்படியேதான் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கனடா. சர்ரேயிலும் பிராம்ப்டனிலும் இன்று ஒரு பெரிய பஞ்சாபே இருக்கிறது. 2024 ஏப்ரலில் வான்கூவரின் பி.சி. பிளேஸ் அரங்கை தில்ஜித் நிரப்பினார், ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் தலைப்பாகையும் தெஹ்மத் என்ற பஞ்சாபி வேட்டியுமாக நின்று பஞ்சாபியில் பாடியவரும் இவர்தான். சொந்த ஊர் ஜலந்தர் மாவட்டத்து தோசாஞ்ச் கலான். ஆரம்பத்தில் குருத்வாராக்களில் கீர்த்தனை பாடியவர்.

வெள்ளைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் மும்பையில் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் தன் கச்சேரிக்கு தில்ஜித்தை அழைத்தார். இருவரும் சேர்ந்து பாடியது இதே ‘லவர்’. பஞ்சாபி வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் ஷீரன்! தில்ஜித் அவருக்காக ஆங்கிலத்துக்கு இறங்கி வரவில்லை. கடல் தாண்டியது யார் என்று அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மகளைத் திட்டாதீர்கள். முடிந்தால் பஞ்சாபி நாட்டுப்புறப் பாடகி சுரிந்தர் கௌரின் பழைய பாட்டு ஒன்றிரண்டையும் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். காதல் பாட்டில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் தில்ஜித் இன்னும் பையன்தான்.

அன்புடன்,
ஆசிரியர்